பாறைகள் மூவகைப்படும்

பாறை சார் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் கடையிலேயே மிருதுவான மெத்தையில் மல்லாந்து படுத்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. பூகோள வகுப்பில் "பாறைகள் மூவகைப்படும்" என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்குக் கண் சொருகிவிடும். அவர் எறிகிற சாக்பீஸ் நெற்றியில் பட்டால்தான் விழிப்பேன்.

பள்ளியின் கடைசி நாளில், மொத்த வகுப்பும் சிரிக்க, நீ தூங்கத்தான் லாயக்கு என்று சொல்லி என்னை வழியனுப்பி வைத்தார்.

அந்த ஒரு வார்த்தையைப் பொய்யாக்கத்தான் மாடாக உழைத்தேன். உழைத்தது மெத்தை வியாபாரத்தில் என்பது வேறு விஷயம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. படுத்துப் பார்க்கிறவரிடம் பேச்சை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் எழுந்து விலைச்சீட்டைப் பார்ப்பார். பார்த்தால் கதை கந்தல்.

வழக்கமாக ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுவேன். அன்று, சார், நான்தான் அந்தத் தூங்குமூஞ்சி என்றேன்.

அவர் தலையை மட்டும் தூக்கினார். கண்கள் சிவந்து குழி விழுந்திருந்தன.

"அட, நீயாடா! பள்ளிக்கூடம் முடிச்சதுக்கு அப்புறம் என்னதான்டா பண்ணே?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ வருடமாகக் குளியலறையில் பதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். முதலில் கிடங்கில் மூட்டை இறக்கியது. பிறகு பஞ்சு அடைக்கும் பிரிவு, ஓயாத தும்மல். அடுத்து உறை தைக்கும் பிரிவு, அங்கே மேஸ்திரியின் தங்கையைக் கட்டிக்கொண்டது. அதற்கப்புறம் தலையணைப் பிரிவு. அது பதவி இறக்கம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

தலையணையைத் தாண்டுவதற்குள் சாரின் வாய் பிளந்துகொண்டது. குறட்டை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்கியமான கட்டமே இனிமேல்தான், நான் இந்தக் கடைக்கு மேனேஜர் ஆனது. அதைக் கேட்காமல் இந்த மனுஷர் எப்படித் தூங்கலாம்?

ஃபோமில் அளவு குறிக்கிற சாக்பீஸ் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து, அவர் நெற்றியைக் குறிபார்த்துக் கையை ஓங்கினேன்.

அதுவரை தலையணைகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நிறுத்தாதீங்க தம்பி, சொல்லிக்கிட்டே இருங்க. ரிட்டையர் ஆனதுலேருந்து இவர் இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல. எந்த மாத்திரைக்கும் கேக்கல."

சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு தொடர்ந்தேன். மேனேஜர் ஆன இடத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். குறட்டை ஒரு சுருதி ஏறியது, அவ்வளவுதான்.

அப்புறம் முழங்கால் வலி. மகள் கல்யாணம். புதுப் பெயர்ப்பலகை. இன்று காலை கடையைத் திறந்தது.

அத்தோடு என் வாழ்க்கை தீர்ந்துவிட்டது. பேச்சு நின்றது.

சார் புரண்டார். இமைகள் துடித்தன.

"அவ்வளவுதானா தம்பி?" அந்த அம்மா பதறினார்.

அவ்வளவுதான். இத்தனை வருடம் ஓடியாடிச் சேர்த்தது ஒரு மனுஷருடைய பகல் தூக்கத்துக்குக்கூடப் போதவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

என்ன சொல்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தேன். "பாறைகள் மூவகைப்படும்" என்று வந்தது.

தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. உதாரணங்களோடு வந்தது. நடுநடுவே அவர் போடுகிற இருமல்கூடப் பிசகவில்லை. இதெல்லாம் எனக்குள் எங்கே கிடந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

சார் மறுபடி குறட்டைக்குப் போனார். பக்கத்து மெத்தையில் சும்மா சாய்ந்த அந்த அம்மாவும் கண்ணை மூடிவிட்டார். விலை விசாரிக்க வந்த ஒரு தம்பதியும் செருப்பைக் கழற்றினார்கள்.

பாடம் முடிகிறவரை நான் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். அந்தப் பாடத்தில் அதுதான் முதல் தடவை.