நாற்பத்தோராவது நிமிடம்

போனில் ஓடிய வீடியோவைப் பத்து விநாடி முன்னால் தள்ளினான்.

பக்கத்து சீட் தயாபரன் பத்து விநாடி பின்னால் இழுத்தான்.

மறுபடி தள்ளினான். மறுபடி இழுத்தான்.

“அவசரப்படாதீங்க ஜி. இந்த சீன் நல்லா இருக்கு.”

என்ன நல்லா இருக்கிறது? ஒரு பன்னை எடுத்துத் தட்டில் வைக்க நான்கு நிமிடம். பின்னணியில் பியானோ வேறு.

கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டிவிட்டது. ஒரகடத்தில் ஃபேக்டரி கேட். இன்னும் ஒன்பது நிமிடம். கேட்டில் போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும்.

தாய்லாந்துத் தொடர். கடைசி எபிசோடு. ஒருவன் பல் டாக்டர். இன்னொருவன் எதிர்க்கடை பேக்கரிக்காரன். இருவருக்கும் காதல் என்பது முதல் எபிசோடிலேயே தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவர்கள் இருவருக்கு மட்டும் பதினோரு எபிசோடாகத் தெரியவில்லை.

ஒரு மாதமாக இதே சீட். இதே போன். ஆளுக்கொரு காதில் ஒயர்.

ஏழாவது எபிசோடில் பேக்கரி நாய் காணாமல் போனபோது இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்றான். ஜன்னல் மூடியிருந்தது.

திங்கட்கிழமை முதல் தயாபரன் ஓசூர் பிளான்ட்டில். இந்த பஸ்ஸில் இல்லை.

இன்றே சொல்லியாக வேண்டும்.

இடம் கூடத் தேர்வு செய்துவிட்டான். நாற்பத்தோராவது நிமிடம். மழை. பல் டாக்டர் குடையை விரிப்பான். விரித்துவிட்டு, ஒருவழியாக, சொல்லித் தொலைப்பான். அந்த நொடியில் இவனும் திரும்பிச் சொல்லிவிடுவான். நாலே வார்த்தை. கண்ணாடி முன் பழகியாயிற்று.

முழுத் தொடரையும் அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான். நான்கு முறை. தயாபரனுக்கு அது தெரியாது.

இப்போது ஓடுவது முப்பது. வேண்டியது பதினோரு நிமிடம். இருப்பது ஒன்பது.

இரண்டு நிமிடம் தள்ளினால் போதும். இந்த மனுஷன் விட்டால்தானே!

பின்சீட்டிலிருந்து கேன்டீன் அமலோற்பவம் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“எப்பா, இன்னுமா சொல்லல அவனுங்க? என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போன பதினாறாம் நாள் கல்யாணம். இவனுங்க கையப் புடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர்டே ஆயிடுவேன்.”

தள்ளினான்.

இழுத்தான்.

முப்பத்து நாலு. முப்பத்தாறு. பல் டாக்டர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஸ்பீட் பிரேக்கர். கேட்டின் நீல வளைவு தெரிந்தது. எல்லோரும் பையை எடுத்தார்கள்.

“போச்சு,” என்றான் அவன். “விடுங்க. முடியாது.”

தயாபரன் அவன் முகத்தைப் பார்த்தான்.

பிறகு போனில் விரலை வைத்தான். கீழே இருந்த கோட்டில் ஒரே இழுப்பு. தேடவில்லை. தடுமாறவில்லை.

விட்டான்.

நாற்பத்தோராவது நிமிடம். மழை. குடை விரிந்தது.

சரியாக அந்த இடம்.

பஸ் நின்றது. பல் டாக்டர் சொல்ல ஆரம்பித்தான். இருவரும் திரையைப் பார்க்கவில்லை.

தயாபரனின் விரல் போன்மேல்தான் இருந்தது. அதன் கீழே இவன் விரல். யாரும் எடுக்கவில்லை.

“முதல் தடவையா பாக்குறேன்னு சொன்னீங்களே?” என்றான் இவன்.

“நீங்களும்தான் சொன்னீங்க.”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஏழாவது எபிசோடு, ஜி,” என்றான் தயாபரன். “நாய் காணாமப் போறதுக்கு முன்னாடியே கர்சீஃப எடுத்துட்டீங்க.”