பத்து நாள் டூரிஸ்ட்

விமான நிலையத்தில் இமிக்ரேஷன் வரிசை நகர நகர, கிரி மனப்பாடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான். துபாய், பத்து நாள், சித்தப்பா வீடு, சும்மா சுத்திப் பார்க்க. உடம்பில் பூப்போட்ட சட்டை, கழுத்தில் இரவல் கேமரா, தலைமேல் கறுப்புக் கண்ணாடி. ஏசி மெக்கானிக் கிரியை அந்தக் கோலத்தில் பெற்ற தாயே அடையாளம் கண்டிருக்க மாட்டாள்.

வேஷம், வசனம் இரண்டும் தாய்மாமன் பாலசுப்ரமணியனின் கைங்கரியம். அவர்கள் குடியிருக்கும் மெட்டுகுடாவில் வளைகுடா விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மூன்று முறை விசிட் விசாவில் போய்ப் பெயின்ட் அடித்தவர். மூன்றாம் முறை போலீஸ் பிடித்து விமானம் ஏற்றி அனுப்பியதை மட்டும் லீவில் வந்ததாகச் சொல்லிக்கொள்வார்.

"மாப்ளே, கவுண்டர்ல வேலைன்னு வாயத் தொறந்தே, அப்படியே திருப்பி அனுப்பிருவான். நம்ம தெருவுல ஒருத்தன்கூட உண்மையச் சொல்லிட்டு பிளேன் ஏறினதில்ல" என்று ஒரு வாரம் பாடம் நடத்தியிருந்தார்.

கிரியின் மனைவி ஷோபாவுக்கு இந்தக் கூத்தே பிடிக்கவில்லை. நான்கு மாதம் பேகம்பேட்டில் ஓர் ஆபீசுக்கு நடையாய் நடந்தவள் அவள்தான். கிரியை மெடிக்கல் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வைத்தாள், ஒரு நாள் முழுக்க வெளிநாடு போகிறவர்களுக்கான ஏதோ வகுப்பில் உட்கார வைத்தாள். வகுப்பில் அவன் நன்றாகத் தூங்கினான். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டான். தாள்களில் பாதி இங்கிலீஷ், பாதி அரபி. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் சேர்த்த தடி ஃபைலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மாமா பிடுங்கிப் பெட்டியின் அடியில், ஜட்டிகளுக்குக் கீழே செருகிவிட்டார்.

"நக்கோ, வேணவே வேணாம். ரெண்டு வருஷ வேலைன்னு இதுல அப்பட்டமா எழுதியிருக்கு. எவனாச்சும் பாத்தான்னா மாப்ளே காலி" என்றார்.

கிரியின் முறை வந்தது. பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் நீட்டினான். கவுண்டரில் இருந்த பெண் எதற்குப் போகிறாய் என்று தெலுங்கில் கேட்டாள். சுத்திப் பார்க்க என்று ஒப்பித்தான். அவள் தாளைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். எத்தனை நாள்? பத்து. சித்தப்பா பெயர்?

மாமாவின் பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. வாயில் வந்தது பாலசுப்ரமணியன். அவர் என்ன செய்கிறார் என்றதற்குப் பெயின்ட் என்றான். அவள் போனை எடுத்தாள்.

உள்ளே ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். கிரி "முருகா" என்று முனகியதைக் கேட்டு, அங்கிருந்த அதிகாரி விஸ்வநாத் தமிழுக்கு மாறினார். கேள்விகள் மாறவில்லை. இந்த முறை சித்தப்பாவுக்கு வேறு பெயர் வந்தது. அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே அவனுடைய விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். ஊரில் பார்த்த வேலையைப் போன வாரமே விட்டாயிற்று. தெருவே திரண்டு மாலை போட்டு, பிரியாணி சாப்பிட்டு வழியனுப்பியிருக்கிறது. திரும்பிப் போனால் வேலையும் இல்லை, மானமும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை, நான்கு மாதம் அலைந்த ஷோபாவின் முகத்தில் எப்படி விழிப்பது? நினைத்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

விஸ்வநாத் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். "சொல்லு, எதுக்குப் போறே?"

மாமாவும் அவர் பாடமும் நாசமாய்ப் போகட்டும் என்று கிரி எழுந்து நின்றான். "சுத்திப் பாக்கல்லாம் இல்ல சார். வேலைக்குத்தான் போறேன். ஏசி மெக்கானிக், ரெண்டு வருஷம். சித்தப்பான்னு எனக்கு யாருமே கெடையாது."

சொல்லிவிட்டு, விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

விஸ்வநாத் கம்ப்யூட்டரில் எதையோ சரிபார்த்தார். பாஸ்போர்ட்டில் ஓங்கி முத்திரை குத்தி, நீட்டிய அந்தக் கைகளிலேயே வைத்தார். ஓடினால் விமானத்தைப் பிடித்துவிடலாம் என்றார்.

கிரிக்கு ஒன்றும் புரியவில்லை. வேலைக்குப் போகிறவனைப் பிடித்த பிறகு எதற்கு விடுகிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பொய் சொன்னதுக்குத்தான் பிடிச்சோம் தம்பி, உன்னோடது அசல் வேலை விசா."