நித்திரை கொள்ளும் நொதியம்

“சரியாய் ஆறு மணிக்கு நித்திரைக்குப் போயிடும் சேர். விடிய எட்டு மணிக்குத்தான் எழும்பும்.”

கஜனி சொன்ன விதத்தைக் கேட்டால் யாரும் கைக்குழந்தை என்றுதான் நினைப்பார்கள். அவள் சொன்னது நொதியத்தை, அதாவது வேதிவினைகளை வேகப்படுத்தும் என்சைமைப் பற்றி. ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அதற்கு மின்சாரம் கொடுத்து வேலை வாங்குவதும், எந்த நேரம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதைச் சமன்பாட்டில் பிடிப்பதும்தான் நான்கு வருடமாக அவள் பிழைப்பு.

திங்கட்கிழமை இறுதித் தேர்வு. தேறினால் டொக்டர் கஜனி. அதே நகரின் மல்வேர்ன் பகுதியில் அம்மா மங்கையற்கரசி இப்போதே பஸ்ஸில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

இன்று அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் சுந்தரராஜன் முன்னால் ஒத்திகை.

“முதல் ரெண்டு வருஷம் அழுதுட்டே இருந்தியேம்மா!” என்று சிரித்தார் அவர்.

அழாமல் என்ன செய்வாள்? கண்ணாடிக் குவளைக்குள் சின்னக் காந்தக் குச்சி ஒன்று சுழன்று கரைசலைக் கலக்கும். கலக்கினால்தான் நொதியத்துக்குத் தீனி போய்ச் சேரும். கணினி இரவு பகலாய் அளந்து பதியும். பகல் முழுக்கத் திரையில் அந்த அளவுப் புள்ளிகள் அவள் சமன்பாட்டுக் கோட்டின் மேலேயே ஓடும். ஆறு மணியானதும் சரிந்து விழும்.

கரைசலை மாற்றினாள், கம்பிகளை மாற்றினாள், றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. மாலை ஐந்தரைக்குப் பஸ் பிடித்துப் போய், காலை ஒன்பதுக்கு வந்து பார்த்தால் அது நல்ல பிள்ளையாய் வேலை செய்துகொண்டிருக்கும்.

பிறகு ஒருநாள் பொறி தட்டியது. நொதியத்துக்கும் ஓய்வு தேவை! அந்த உறக்கத்தையும் சமன்பாட்டில் சேர்த்தாள். கோடும் புள்ளிகளும் அச்சொட்டாகப் பொருந்தின.

“சனி, ஞாயிறு?” பேராசிரியர் தேர்வாளர் குரலில் மிரட்டிப் பார்த்தார்.

“வெள்ளி பின்னேரம் படுத்தால் திங்கள் விடியத்தான் எழும்பும் சேர். அதுக்கும் தனியாய் ஒரு எண் போட்டிருக்கிறன்.”

“பிரமாதம்மா! உலகத்துல யாருமே கண்டுபிடிக்காத விஷயம் இது. திங்கட்கிழமை ஒருத்தரும் உன்னை அசைக்க முடியாது.”

கஜனிக்குக் கண் கலங்கியது. அவ்வளவு சந்தோஷம். அப்பாடா என்று மூச்சுவிட்டு, வாங்கி வைத்திருந்த கேக்கை வெட்டினாள்.

கதவடியில் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார் செல்வரட்ணம் அண்ணை. வார நாட்களில் அந்தக் கட்டடத்தின் காவலாளி. “சாப்பிட்டியா பிள்ளை?” என்று அவளைக் கேட்காத நாளில்லை.

“வாங்கோ அண்ணை, முதல் துண்டு உங்களுக்குத்தான். என்ர ஆய்வேட்டிலயும் முதல் நன்றி உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறன். சாவியை மறந்திட்டு எத்தனை தரம் வந்து நிண்டிருப்பன்! நீங்கள் இல்லாட்டி இந்தக் கண்டுபிடிப்பே வந்திராது.”

பேராசிரியரும் கைதட்டினார். செல்வரட்ணத்துக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“நான் என்ன பிள்ளை பெரிசாய்ச் செய்தனான்? ஆறு மணிக்குப் பூட்டேக்க உந்தக் குச்சி தனியச் சுத்திக்கொண்டிருக்கும்; பாவமெண்டு நிப்பாட்டிப்போட்டு, விடிய வந்து திரும்பப் போட்டு விடுறனான், அவ்வளவுதான்!”