ஈசான மூலை

"நிறுத்துங்க சார், டைல்ஸ் உடைஞ்சிரும்!" என்று பாய்ந்தார் தரகர் குலசேகரன். தேவசேனா கூட்டி வந்திருந்த இன்ஜினியர் நிறுத்தவில்லை. அறை அறையாகத் தரையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். டக், டக். ஈசான மூலைப் பூஜையறையில் மட்டும், தொம்!

"எங்க இன்ஜினியர் பார்த்து ஓகே சொன்ன வீடும்மா. நாளைக்குப் பதிவை வச்சுக்கிட்டு இப்பப் போய்..."

"அவர் உங்க ஆளு. இவர் என் ஆளு" என்றாள் தேவசேனா. அவளுடைய ஆயுள் சேமிப்பு அத்தனையும் நாளைக்குக் கைமாறப் போகிறது.

இன்ஜினியர் ஒரு டைல்ஸை நெம்பினார். அடியில் கான்கிரீட்டில் நீளமாக ஒரு விரிசல். அதிலிருந்து ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. தேவசேனா உடைந்த சில்லு ஒன்றை அதற்குள் போட்டுவிட்டுத் தரையில் காதை வைத்தாள்.

குலசேகரன் சத்தமில்லாமல் செருப்பைத் தேடினார்.

வெகு ஆழத்தில், கிணற்றுத் தண்ணீர் 'களுக்' என்றது.