ஆறடிக்கு ஓர் அங்குலம்

2025ஆம் ஆண்டு மே மாதம் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு, மட்டாஞ்சேரியில் நீலாம்பாள் வீட்டுப் பின்முற்றத்தில் ஆறடி நீளத்துக்குக் குழி தோண்டப்பட்டிருந்தது. தோண்டியவள் நீலாம்பாளேதான். மண்வெட்டி பிடித்துப் பழகாத அவளுடைய உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

"யாரைப் புதைக்கப் போறீங்க சேச்சி?"

மதிலுக்கு மேலே, காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, மஞ்சுஷாவின் தலை முளைத்திருந்தது. அவள் வீடும் நீலாம்பாள் வீடும் முதுகுக்கு முதுகு காட்டி நிற்பவை. நடுவில் அந்த ஒரு மதில்தான். ஸ்டூல் போட்டு ஏறினாலொழிய மறுபக்கம் தெரியாது.

"கேள்வி கேக்கற வாயைப் புதைக்கலாம்னுதான் தோண்டுறேன்" என்றாள் நீலாம்பாள்.

தெருப் பெண்கள் குழு பதினோரு ஆண்டுகளாக நீலாம்பாள் வீட்டு முற்றத்தில்தான் கூடி வந்தது. எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரியே காரியதரிசி என்பது அவர்கள் வழக்கம். புதிதாக எட்டுப் பேர் சேர்ந்ததும் சிமென்ட் கட்டை பாவிய இடம் போதாமல் போயிற்று. சென்ற கூட்டத்தில் வெறும் மண்ணில் போட்ட நாற்காலியின் கால் புதைந்து, தலைவி ஆவுடையம்மாள் மல்லாந்து விழுந்தாள்.

எழுந்த கையோடு தலைவி அறிவித்தாள்: "பதினேழாம் தேதி உன் முற்றத்தையும் பார்ப்பேன், மஞ்சுஷா முற்றத்தையும் பார்ப்பேன். எது தோதோ, இனிமே கூட்டம் அங்கதான்."

மஞ்சுஷா தன் முற்றத்தை எப்போதோ பெரிதாக்கியாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகவேதான் நீலாம்பாள், ஐம்பத்தாறு வயதில், பழைய தளத்தோடு சேர்த்து இன்னும் ஆறடி பாவத் துணிந்தாள்.

முதல் முயற்சியில் மண்ணின் மேலேயே கட்டைகளை அடுக்கினாள். மறுநாள் மிதித்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஆடியது.

"கடைவாய்ப் பல்லு மாதிரி ஆடுதே சேச்சி!" மதில் மேல் தலை சிரித்தது. "சுள்ளிக்கல் ஏரியாவுல எங்க அண்ணன் வீட்டு முற்றம் முழுக்க நான் போட்டதாக்கும். கட்டைக்குக் கீழ என்ன வரணும்? சொல்லுங்க, பார்ப்போம்."

பதில் தெரியாமல் நிற்பது நீலாம்பாளுக்குப் பரம்பரையிலேயே கிடையாது. இரண்டு நாள் கடை கடையாக விசாரித்து வந்து, பரீட்சைக்கு நிற்பவளைப் போல ஒப்பித்தாள்: "நாலங்குலம் சல்லி போட்டு இடிச்சு இறுக்கணும். அதுக்கு மேல ஓரங்குலம் பாறைப்பொடி."

"கரெக்ட்" என்றது தலை. உடனே இறங்கிவிட்டது.

அன்று மத்தியானம் மதிலுக்கு அப்பால் டொக்கு டொக்கென்று ஒரே இடி. என்னவென்று நீலாம்பாள் குரல் கொடுத்துக் கேட்டாள்.

"ஊறுகாய்க்கு மாங்காய் நசுக்கறேன் சேச்சி!"

இரண்டு மணி நேரம் நசுக்குவதற்கு எத்தனை மாங்காய் வேண்டும் என்று நீலாம்பாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் சல்லியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

இரண்டாம் முறை ரசமட்டம் வைத்து, இம்மி பிசகாமல், கண்ணாடி போலப் பாவினாள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நின்றது.

"கொசு வளர்க்கலாம், நல்லா வரும்" என்றாள் மஞ்சுஷா. "சரிவு எங்க சேச்சி? எவ்வளவு கொடுக்கணும், எந்தப் பக்கம் கொடுக்கணும்? அதையாவது சொல்லுங்க."

நீலாம்பாள் பழைய தளத்தின் மேல், தன் வீட்டுச் சுவரிலிருந்து மதிலை நோக்கி, நூல் கட்டி அளந்தாள். "பழசுக்கு இருக்கிற அதே சரிவு. ஆறடிக்கு ஓரங்குலம். கிழக்கே."

"கிழக்கே... கரெக்ட், கிழக்கே" என்று இருமுறை சொல்லிக்கொண்டே தலை இறங்கியது.

அத்தனையையும் பெயர்த்து மூன்றாம் முறை பாவினாள் நீலாம்பாள். மதிலுக்கு அப்பால் மாங்காய் நசுங்கிக்கொண்டே இருந்தது.

பதினேழாம் தேதி இருபது பெண்களும் முதலில் நீலாம்பாள் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு நாற்காலியும் அசையவில்லை. "கொள்ளாம், பரவாயில்லை" என்றாள் ஆவுடையம்மாள், அரை மனதாக.

பிறகு மஞ்சுஷா முற்றத்துக்குப் போனார்கள். சிவப்பும் சாம்பலுமாகப் புத்தம் புதுக் கட்டைகள், நீலாம்பாளுடையதைவிட மூன்றடி அதிகம். போதாக்குறைக்குச் சாயா, சுடச்சுட எண்ணெயில் பொரித்த பழம்பொரி. இரண்டாவது பழம்பொரியைக் கையில் எடுத்தபோதே தலைவி முடிவு செய்துவிட்டாள் என்பது நீலாம்பாளுக்குப் புரிந்தது. பதினோரு வருடப் பதிவேட்டை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"எழுதிக்கோ நீலாம்பா. இனிமே கூட்டம்..."

வானம் பொத்துக்கொண்டது. கோடை மழை, கொட்டு கொட்டென்று கொட்டியது. பெண்கள் ஓட்டுச் சார்ப்பின் கீழ் ஒண்டினார்கள்.

முற்றத்தில் ஒரு சொட்டு நிற்கவில்லை. அத்தனையும் அழகாக, ஒழுங்காக, ஒரே திசையில் ஓடி, பின்வாசல் படியைத் தாண்டி, மஞ்சுஷாவின் அடுக்களைக்குள் புகுந்தது. சற்று நேரத்தில் பழம்பொரிப் பாத்திரம் அடுக்களைக்குள் மிதந்தது.

அன்றைய தீர்மானத்தை நீலாம்பாள் மார்போடு சாய்த்துப் பிடித்த பதிவேட்டில், நனையாமல், தெளிவாக எழுதினாள். கூட்டம் வழக்கம்போல் நீலாம்பாள் வீட்டிலேயே நடைபெறும், காரியதரிசி மாற்றமில்லை, வந்திருப்போர் அனைவரும் அடுக்களைத் தண்ணீரை அள்ளிவிட்டே கலைவது.

கையெழுத்துப் போட்ட தலைவி, கணுக்கால் தண்ணீரில் வாளியோடு நின்ற மஞ்சுஷாவை முறைத்தாள். "அண்ணன் வீட்டு முற்றம் முழுக்கப் போட்டவளாம்! வீட்டுக்குள்ளயாடி சரிவு வைப்பே?"

மஞ்சுஷா அழுதுவிடுவாள் போலிருந்தது. "நான் எங்கே போட்டேன் அக்கா, இதான் முதல் தடவை... நீலாம்பா சேச்சி கிழக்கேன்னு சொன்னாங்க, நானும் கிழக்கேதான் சரிச்சேன்!"