இருபத்தாறு கிலோ

"அண்ணே, இது கிழிஞ்சது இல்ல. வெட்டினது."

ஜெகதீஸ்வரி அந்த முதுகுப் பையைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். அடிப்பக்கத்தில் அருகருகே இரண்டு வட்ட ஓட்டைகள்.

எதிரே நின்ற திருநாவுக்கரசு தலையைச் சொறிந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேன் ஓட்டுகிறவருக்கு மலையேறுகிற பை எதற்கு என்பதே அவளுக்கு முதல் சந்தேகம்.

"ஓட்டைய விடுங்கம்மா. தோள்வார் பிச்சுக்கிச்சு பாருங்க. ஆயுசு முழுக்க வாரண்டின்னு சொல்லித்தானே வித்தீங்க? திங்கக்கிழமைக்குள்ள எனக்கு வேற பை வேணும்லா."

பினாங்கு ரோட்டில் இருக்கும் அந்தப் பைக்கடைக்கு இப்படி மாதம் நாலு பேராவது வருவார்கள். பழைய பையை பிளேடால் கீறிவிட்டு, தானாகவே கிழிந்தது என்று சத்தியம் செய்து புதுசு கேட்பார்கள். ஏழு வருடமாக அவர்களைப் பிடிப்பதுதான் ஜெகதீஸ்வரியின் வேலை. ஒருத்தர்கூட அவளை ஏமாற்றியதில்லை.

அந்தத் துணி அப்படி. முரட்டு நைலான். தார்ரோட்டில் தரதரவென்று இழுத்தாலும் நூல் பிரியாது. முள்ளில் மாட்டினால் முள்தான் ஒடியும். அது தானாகக் கிழிந்தது என்று சொன்னால் அவளுக்குக் கோபமே வந்துவிடும்.

"வெட்டினது மட்டும் இல்ல, நூல் பிரியாம இருக்க ஓரத்தை லைட்டரால வேற சுட்டிருக்கீங்க. வெட்டின பைக்கு வாரண்டி கிடையாது அண்ணே."

"வெட்டினது நான்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா வார் பிஞ்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"அப்படி என்னத்தைத் தூக்கினீங்க?"

"இருபத்தாறு கிலோ."

"முப்பது வரைக்கும் தாங்குமே!"

"தாங்குச்சே! நாலு மாசம். காலையில எட்டு மாடி இறக்கம், மத்தியானம் எட்டு மாடி ஏத்தம்."

ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

"அடியில இவ்ளோ பெரிய ஓட்டை. இருபத்தாறு கிலோ சாமான் கீழ விழுந்துராதா?"

"விழாதும்மா. அது என் கழுத்தைக் கெட்டியா பிடிச்சுக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

திருநாவுக்கரசு குரலைத் தாழ்த்தினார். "சித்தி ஹாஜரான்னு பேரு. என் வேன்ல வர்ற மலாய்க்காரப் பிள்ளை. ஒன்பது வயசு. நடக்க முடியாது. அவங்க ஃபிளாட்டுல நாலு மாசமா லிஃப்ட் ரோசாக், ஓடவே இல்ல. வீட்டுல அம்மா மட்டும்தான், அவங்களுக்கு முதுகுல ஆப்பரேஷன் ஆயிருக்கு. நான் தூக்கலைன்னா பிள்ளைக்கு ஸ்கூல் இல்ல."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன அண்ணே?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்க அங்கிள்னு கேட்டுக்கிச்சு. வெக்கம் அதுக்கு." பிஞ்ச வாரைத் தொட்டுக் காட்டினார். "நேத்து மூணாவது மாடியில வார் விட்டுருச்சு. அப்படியே சுவத்துல சாஞ்சு பிடிச்சுக்கிட்டேன். அவ சிரிக்கிறா. மீதி மாடியெல்லாம் கையிலயே தூக்கிட்டுப் போனேன்."

ஜெகதீஸ்வரி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கட்டுச் சுவரில் உரசி உரசி ஒரு பக்கம் முழுக்க வெளுத்திருந்தது. ஒரு நூல்கூட எழும்பவில்லை. இந்தத் துணி எவ்வளவு தாங்கும் என்று எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறாள். ஒரு மனுஷன் இவ்வளவு தாங்குவான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"லிஃப்ட் சரியாகவே இல்லைன்னா?"

"முட்டி இருக்கிற வரைக்கும் தூக்க வேண்டியதுதான்லா."

அவள் பேனாவை எடுத்தாள். வாரண்டி தாளில், 'தோள்வார் தையல் விட்டது, மாற்றித் தரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது உண்மைதானே!

மேல் தட்டிலிருந்து புதுப் பை ஒன்றை இறக்கினாள்.

"ஒரு சைஸ் பெரிசு அண்ணே. வளர்ற பிள்ளை. வாருக்கு இன்னும் ரெண்டு வரி தையல் போட்டுத் தர்றேன்."

திருநாவுக்கரசு புதுப் பையின் வாரை இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

ஜெகதீஸ்வரி இழுப்பறையைத் திறந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். விலை அட்டைகூடப் பிரிக்காத அந்தப் பையைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"பிள்ளையோட கால் அளவு சொல்லுங்க அண்ணே."