வாட்ச் பார்க்கும் ரெஃபரி

“இந்த ஆள் இன்னொரு தரம் வாட்ச்சைப் பார்க்கட்டும், நானே உள்ளே இறங்கி விசிலைப் பிடுங்கிடுறேன்” என்றார் இனாயத்துல்லா.

பிளசன்டனில் பன்னிரண்டு வயதுப் பெண்களின் கால்பந்து லீக். முந்தைய மேட்ச் இழுத்துக்கொண்டே போனதில், இவர்கள் ஆட்டம் ஆறு மணிக்குச் சற்று முன்னால்தான் ஆரம்பித்தது. இப்போது இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஒரு கோல். அதில் ஒன்று இனாயத்துல்லாவின் மகள் ஆஃபீஃபா போட்டது.

“அந்த நார்வேக்காரர் கதையே வாட்ச்தானே பாய்” என்றார் பக்கத்து நாற்காலி செல்வராஜ். இருவருக்கும் ஒரே ஆபீஸ். மகள்கள் ஒரே டீம்.

“என்ன கதை?”

“ஹால்வோர்னு பேரைப் போட்டு நெட்ல தேடினேன். அங்கே பதினெட்டு வருஷம் பெரிய ரெஃபரி. ஒரு முக்கியமான மேட்ச். பந்து கோலை நோக்கிப் போயிட்டிருக்கு. தொண்ணூறு நிமிஷம் ஆச்சுன்னு விசில் ஊதிட்டார்.”

“அடப்பாவி!”

“ஊரே திட்டியிருக்கு. அதுக்கப்புறம் நல்ல மேட்ச் எதுவும் கொடுக்கலையாம். இப்போ மகள் வீட்டோட இங்கே வந்துட்டார்.”

“வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? சனிக்கிழமை ஆனா நம்ம உயிரை எடுக்கணுமா?”

இடைவேளை. பெண்கள் ஆரஞ்சுத் துண்டுகளுக்கு ஓடினார்கள். ஆஃபீஃபா மட்டும் தனியாக உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். ரெஃபரி அவளிடம் போனார். குனிந்து ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். சட்டைப் பையிலிருந்து சின்ன அட்டையை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

“பார்த்தீங்களா! என் பொண்ணு பேரை எழுதுறான்! என்ன தப்பு பண்ணினா அவ?” இனாயத்துல்லா எழுந்து நின்று கத்தினார். “ஆஃபீ! என்ன கேட்டான்?”

“நத்திங், அத்தா! ப்ளீஸ், டோன்ட் யெல்!”

“நீங்க கத்தினதுக்கு அவளுக்கு வார்னிங்கோ என்னவோ” என்றார் செல்வராஜ். “உட்காருங்க. தொண்டை கட்டிப்போச்சு. இந்தாங்க, ஸ்ப்ரைட்.”

இனாயத்துல்லா வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

மறுபாதி தொடங்கியது. ரெஃபரி ஓடினார், விசில் ஊதினார், வாட்ச்சைப் பார்த்தார். மறுபடி ஓடினார், மறுபடி பார்த்தார்.

“இதுக்கு மேல தாங்காது.” இனாயத்துல்லா கீழே இருந்த பைக்குள் கையை விட்டார். மனைவி மெஹர் நிஷா கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் டப்பா கையில் தட்டுப்பட்டது. அதை மடியில் வைத்து, அதன்மேல் ஒரு தாளை விரித்தார். “பேனா இருக்கா?”

“எதுக்கு?”

“லீக்குக்கு கம்ப்ளைண்ட். ‘ஆட்டத்தில் கவனம் இல்லை. எந்த நேரமும் கைக்கடிகாரத்தையே பார்க்கிறார்.’ முதல் பாயிண்ட் இதுதான்.”

செல்வராஜ் தயங்கினார். “பாய், ஏற்கெனவே ரெண்டு போயிருக்கு. மூணாவது போனா லிஸ்ட்லேருந்தே தூக்கிடுவாங்க. பாவம், அவருக்கு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்.”

“அங்கே கெடுத்தது போதாதா? கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். தாள் வரிசையாகக் கை மாறி, எட்டுக் கையெழுத்தோடு திரும்பி வந்தது. இனாயத்துல்லா அதை டப்பாவின்மேல் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

ஆட்டம் முடிய இன்னும் ஏழு நிமிடம்.

பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஆஃபீஃபா ஓடிப்போய் எடுத்தாள். எதிரணி கோல்கீப்பர் கோலை விட்டு வெகுதூரம் முன்னால் வந்திருந்தாள். கோல் காலியாகக் கிடந்தது.

“எறி ஆஃபீ! சீக்கிரம் எறி!”

விசில்.

ரெஃபரி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார்.

“எதுக்கு? எதுக்குய்யா நிறுத்தினே?” இனாயத்துல்லாவின் குரல் பிசிறடித்தது. “கைக்கு வந்த கோல்! பார்த்தீங்களா செல்வராஜ், மறுபடியும் அதே வேலை!”

ரெஃபரி நேராக அவரை நோக்கி நடந்து வந்தார்.

“பாய், உங்களை வெளியே போகச் சொல்லப்போறார்” என்று முணுமுணுத்தார் செல்வராஜ்.

“சொல்லட்டும். நானும் நாலு வார்த்தை கேட்கிறேன்.”

ரெஃபரி வந்து நின்றார். மூச்சு வாங்கியது. அந்தச் சின்ன அட்டையை நீட்டினார். அதில் ஒரு பெயர், ஒரு நேரம்: ‘ஆஃபீஃபா. 6:53.’

“சூரியன் மறைந்துவிட்டது” என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். “காலையிலிருந்து நோன்பு என்று உங்கள் மகள் சொன்னாள். அந்த நேரத்துக்கு அப்புறம் பந்து முதல் தடவை வெளியே போகும்போது நிறுத்துகிறேன் என்று சொல்லியிருந்தேன். மூன்று நிமிடம் தருகிறேன். கடைசியில் சேர்த்துக்கொள்வேன். பேரீச்சம்பழம் அப்பாவிடம் இருக்கிறது என்றாள்.”

இனாயத்துல்லா குனிந்து மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

“நீங்களும் நோன்பு என்றாள்” என்றார் ரெஃபரி. “தண்ணீர் குடியுங்கள். வெகுநேரமாகக் கத்துகிறீர்கள்.”

ஆஃபீஃபா பந்தை இடுக்கிக்கொண்டே ஓடி வந்து, டப்பாவைத் திறந்து ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். ஒன்றை எடுத்து ரெஃபரியிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தின்றுவிட்டு, கொட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

இனாயத்துல்லா எட்டுக் கையெழுத்துப் போட்ட தாளைப் பொட்டலம் மாதிரி சுருட்டி, அவர்முன் நீட்டினார்.